பெட்ரோல் குழாயில் ஒரு எண் எழுதுங்கள்: இ20 பற்றி ஒரு திறந்த மடல்

மத்திய பெட்ரோலியம், இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

இரு சக்கர வாகனங்களைப் பழுது நீக்குகிறவர்களும் எரிபொருள் நுட்பம் தெரிந்தவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. இ20 என்பது 20 சதவீதம் எத்தனால், அதாவது கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் சாராயம், கலந்த பெட்ரோல். எத்தனால் கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைய வேண்டும், கரும்பு விவசாயிக்கு ஆலையிலிருந்து பணம் நேரத்துக்கு வர வேண்டும் என்பதில் எங்களுக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாங்கள் கேட்பது வேறு. வண்டிக்குள் எது போகிறது என்பதை வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் சொல்லுங்கள். எழுதி ஒட்டுங்கள்.

2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2018 கொள்கையில் 20 சதவீதத்துக்குக் குறித்த ஆண்டு 2030. அதை ஐந்தாண்டு முன்னே இழுத்து 2025-இலேயே எட்டிவிட்டீர்கள். ஆலைகள் வேகமாகப் பெருகின, கிடங்குகள் தயாராயின. சாலையில் ஓடுகிற வண்டிகள் மட்டும் அந்த வேகத்தில் மாறவில்லை. இ20-க்குத் தாங்கும் பொருட்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன் விற்ற பல வண்டிகளின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரை என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு வந்து கேட்கிறவருக்கு இன்று பெரும்பாலான பங்க்குகளில் மாற்று வழி கிடையாது.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்ப ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் இ20-இல் சுத்த பெட்ரோலைவிட 7 சதவீதம் அளவுக்கும், இ10-ஐவிட மூன்றரை சதவீதம் அளவுக்கும் ஆற்றல் குறைகிறது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது: இ10-க்கு டியூன் செய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம், இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் இழப்பு. இணையத்தில் சிலர் சொல்வதுபோல மைலேஜ் பாதியாகக் குறைவதில்லை. அப்படிக் குறைந்தால் வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். ஆனால் 'மிகச் சொற்பம்' என்று தள்ளிவிடுகிற அளவும் அல்ல. உணவு டெலிவரி செய்யும் ஒருவர் நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாள் ஓட்டுகிறார், வண்டி லிட்டருக்கு 50 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 52 லிட்டர். மூன்றரை சதவீதம் என்பது 1.8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல். அவருக்கு அது பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு.

எத்தனால் இப்போது பெட்ரோலைவிட மலிவில்லை, சராசரிக் கொள்முதல் விலை போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து லிட்டர் 71.32 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தீர்கள். கணக்கு சரி. அதே கணக்கை இன்னும் ஒரு படி போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் ஆற்றலை எத்தனாலில் வாங்க ஒன்றரை லிட்டர் வேண்டும், அதாவது சுமார் 107 ரூபாய். இந்தச் சுமையில் ஒரு பகுதியை, மைலேஜ் இழப்பாக, வண்டி ஓட்டுகிறவர் ஏற்கிறார். பில்லில் அந்த வரி இல்லை.

அடுத்தது கார்புரேட்டர், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 2020 மார்ச் வரை விற்ற பிஎஸ்-4 (பழைய புகை விதிப்படி செய்த) பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். தன் எடையில் 35 சதவீதம் ஆக்சிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5 என்று தேவை இறங்குகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் புகைக்குழாயிலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து, இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்துச் சமன் செய்துவிடும். கார்புரேட்டரில் இருப்பது பித்தளையில் துளையிட்ட ஒரு ஜெட். உள்ளே வருவது என்ன என்று அதற்குத் தெரியாது. கலவை லீனாகிவிடுகிறது, அதாவது காற்று கூடி எரிபொருள் குறைகிறது.

காலையில் சோக்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் வண்டி ஒரு நொடி தயங்கி, பிறகு இழுக்கும். கையை விட்டதும் சைலென்சரில் 'டப்' என்று வெடிக்கும். பிளக்கைக் கழற்றினால் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்திருக்கும். இதற்கு வைத்தியம் உண்டு. மெயின் ஜெட்டில் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் வகையென்றால் 100-க்குப் பதில் 102 போதும், சுத்த பெட்ரோலுக்கு டியூன் செய்த பழைய வண்டியென்றால் 105 வரை போகலாம். துளையின் பரப்புதான் கணக்கு என்பதால் விட்டத்தில் 2, 3 சதவீதம் கூட்டினாலே ஓட்டம் 4, 6 சதவீதம் கூடிவிடும். ஐட்லிங் திருகைத் தொடும்போது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால்தான் எரிபொருள் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூ, வெளியே திருக வேண்டும். கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. இதை மாற்றிச் செய்து கலவையை இன்னும் லீனாக்கி, பிஸ்டன் சூடேறி, கடைசியில் சிலிண்டரின் உட்சுவரைக் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

இப்படியெல்லாம் டியூன் செய்ய எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். இ20-க்கு ஜெட்டை மாற்றிய வண்டிக்கு அடுத்த முறை 12 சதவீதம் கலந்த பெட்ரோல் விழுந்தால் புகை பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு ஏறி நிற்கும். எண் தெரியாமல் செய்யும் டியூனிங் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரிதான்.

மூன்றாவது ரப்பர். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்று சென்ற ஆண்டுகளில் நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. எந்த பாகங்கள்? அந்தப் பட்டியலை நீங்கள் வெளியிடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸ். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கினுள் இருக்கும் துளைகள் கொண்ட ரப்பர் வாஷர். ஸ்கூட்டர்களில் வாக்குவத்தில் திறக்கும் காக்கின் டயஃப்ரம். ஃப்ளோட் வால்வு ஊசியின் ரப்பர் முனை. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கப்பின் ஓ-ரிங். டேங்க் மூடியின் ரப்பர். இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் இன்ஜெக்டரின் இரண்டு ஓ-ரிங்குகளும் டேங்கில் பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்துச் சீலும்.

பழைய ஹோஸ் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எத்தனாலில் அது ஊறி உப்பும். வண்டி பத்து நாள் ஓடாமல் நின்று எரிபொருள் வற்றினால் சுருங்கி விறைக்கும். உப்பியும் சுருங்கியும் கிளிப்பை ஒட்டிய இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஹோஸை விரலால் மடக்கினால்தான் அந்தக் கோடு வாய் திறக்கும், ஒரு துளி பெட்ரோல் அதில் முத்துப்போல எட்டிப்பார்க்கும். அந்தத் துளி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே சூடான சிலிண்டர் தலை இருக்கிறது. நாங்கள் மைலேஜைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறோம். உள்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் பூசிய ஹோஸும், கடைக்காரர்கள் வைட்டான் என்று சொல்லும் ஓ-ரிங்கும் போட்டால் இந்தப் பிரச்சினை தீரும். விலை பெரிதில்லை என்பது உண்மை. கிடைப்பதுதான் இல்லை. பன்னிரண்டு வருடப் பழைய மாடலுக்கு எத்தனால் தாங்கும் வாஷர் எந்த பாக எண்ணில் கிடைக்கும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு உற்பத்தியாளரும் 2005-க்குப் பிறகு விற்ற ஒவ்வொரு மாடலுக்கும், எந்த ஆண்டுத் தயாரிப்பு எத்தனை சதவீதம் தாங்கும், மாற்ற வேண்டிய பாகத்தின் எண் என்ன என்று ஒரு பட்டியலைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடச் செய்யுங்கள். புதிய வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லும் அரசு, பழைய வண்டிக்கு ஒரு தாள் தரச் சொல்லக் கூடாதா?

இப்போது தண்ணீர். மழைக்காலத்தில் பட்டறைக்கு வரும் எத்தனால் கோளாறுகளில் மிக மோசமானது இதுதான்.

சுத்த பெட்ரோலில் தண்ணீர் கலக்காது. டேங்க் அடியில் தனியாகக் கிடக்கும், வடித்துவிட்டால் தீர்ந்தது. எத்தனால் இருந்தால் தண்ணீரை அது தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஓர் எல்லை வரை ஒன்றுமே தெரியாது, எரிபொருள் தெளிவாகவே இருக்கும். இ10-இல் அந்த எல்லை ஏறக்குறைய அரை சதவீதம், அதாவது 12 லிட்டர் டேங்குக்கு ஒரு சின்ன டம்ளர், 60 மில்லி. இ20 இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். குளிர்ந்தால் எல்லை இறங்கிவிடும், பகலில் சரியாக இருந்தது விடிகாலையில் பிரியும். எல்லையைத் தாண்டிய நொடியில் தண்ணீர் மட்டும் பிரிவதில்லை. எத்தனாலின் பெரும்பகுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. 10,000 லிட்டர் நிலத்தடி டேங்கில் இ20 இருந்தால் அதில் எத்தனால் 2,000 லிட்டர். ஒன்றிரண்டு பீப்பாய் மழைநீர் இறங்கினால் அதில் பெரும்பகுதி அடியில் எஞ்சின் ஓட உதவாத ஒரு திரவமாகத் தேங்கிவிடும். மேலே மிஞ்சுவது ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் தரம், குறைந்த பெட்ரோல்.

பங்க்கின் பம்ப்பும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, பைக்கின் காக்கும் அடியிலிருந்துதான் எடுக்கிறது. அதனால்தான் போட்ட பெட்ரோலோடு அரைக் கிலோமீட்டர் போனதும் வண்டி நிற்கிறது, ரிசர்வுக்குத் திருப்பினால் இன்னும் மோசமாகிறது. அந்த ஃப்ளோட் கப்பைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால் இரண்டு அடுக்கு தெளிவாகத் தெரியும். நடுவில் ஒரு கோடு. கீழடுக்கைச் சிறிது சாய்த்தால் எண்ணெய்போலச் சோம்பலாக நகரும். நாலைந்து வாரம் அப்படியே கிடந்த கார்புரேட்டரென்றால் கப்பின் துத்தநாகச் சுவரில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி, பித்தளை ஜெட்டின் வாயில் பச்சைக் களிம்பு. பைலட் ஜெட்டின் துளை முடியளவுதான், அந்தப் பொடியில் ஒரு மணி அடைத்தாலே ஐட்லிங் நிற்காது. இதற்கு டேங்கை முழுதாக வடித்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, காற்றடித்து மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே கொஞ்சம் நல்ல பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது பிழை. பிரிந்தது அவ்வளவு எளிதில் மறுபடி கலக்காது.

பங்க்கில் தினமும் கோல் விட்டுத் தண்ணீர் பார்க்கிறார்கள். கோலின் முனையில் தடவும் பேஸ்ட் தண்ணீர் பட்டால் நிறம் மாறும். ஆனால் சுத்த பெட்ரோலுக்காக வந்த சாதாரண பேஸ்ட், எத்தனால் கலந்த அந்தக் கீழடுக்கில் மங்கலாகத்தான் மாறும், சில சமயம் மாறவே மாறாது. எத்தனால் கலந்த எரிபொருளுக்கென்றே தனி பேஸ்ட் இருக்கிறது. அதை எல்லா பங்க்குகளுக்கும் கட்டாயமாக்குங்கள். பிரிந்த அடுக்கு வந்தால் ஓட்டத்தைத் தானாக அடைத்துவிடும் ஃபில்டர்கள் வெளிநாடுகளில் டிஸ்பென்சரிலேயே மாட்டுகிறார்கள். வெள்ளம் ஏறும் இடங்களான வேளச்சேரி, முடிச்சூர், கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களிலிருந்தாவது அதைத் தொடங்கலாம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் சென்னை மறந்துவிடவில்லை. நிலத்தடி டேங்கின் மேன்ஹோல் கேஸ்கெட், லாரி எரிபொருள் இறக்கும் குழாயின் மூடி, டிப் கோல் விடும் துளையின் மூடி ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் மழைநீர் இறங்குகிறது. இந்த மூன்றையும் செப்டம்பர் முடிவதற்குள் மாற்றியாக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

இன்னொரு குறை, பங்க்கில் எத்தனால் அளவைச் சோதிக்க நுகர்வோருக்கு எளிதான வழி இல்லை. ஃபில்டர் தாள் சோதனை கறை விழுகிறதா என்று பார்க்கும். அடர்த்திச் சோதனை லாரி ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். எத்தனால் எவ்வளவு என்பதை இரண்டும் சொல்லாது. பிரேசிலைப் பாருங்கள். 1975-இலிருந்து எத்தனாலோடு வாழும் நாடு, 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதம் கலக்கிறது. அங்கே வாடிக்கையாளர் கேட்டால் பங்க் ஊழியர் அவர் கண்முன்னே சோதித்துக் காட்ட வேண்டும். தேவைப்படுவது மூடியுள்ள 100 மில்லி அளவுக் குடுவையும் உப்புத்தண்ணீரும்தான். லிட்டருக்கு 100 கிராம் உப்பு. குடுவையில் 50 மில்லி வரை பெட்ரோல், மேலே 100 வரை உப்புத்தண்ணீர். மூடி, குலுக்காமல் பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீருக்குப் போய்விடும். கீழடுக்கு 50-இலிருந்து 59.5-க்கு ஏறியிருந்தால், ஏறிய 9.5-ஐ இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 20 சதவீதம். குலுக்கினால் நுரைத்துக்கொண்டு கோடு தெரியாமல் போகும், கவிழ்க்கச் சொல்வது அதனால்தான். நுகர்வோர் கேட்கும்போது ஃபில்டர் தாள் தருவதுபோல இதையும் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

அமெரிக்காவில் இ15 விற்கும் பம்ப்பில் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டியிருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்குப் போடக் கூடாது என்பதே அங்கே சட்டம். ஐரோப்பாவில் 2018-இலிருந்து ஒவ்வொரு பெட்ரோல் குழாயிலும் வட்டத்துக்குள் இ5, இ10 என்று எண் இருக்கிறது, அதே வட்டம் புதிய வண்டிகளின் டேங்க் மூடியருகிலும் இருக்கிறது. நம் ஊரில் சில பங்க்குகளில் ஏதோ ஒரு மூலையில் இ20 என்று எழுதியிருக்கலாம். குழாயின் கைப்பிடியில், போடுகிறவர் கண்ணுக்கு நேரே வேண்டும். பில்லிலும் ஒரு வரி வேண்டும்.

பழைய வண்டிகளுக்காக இ10-ஐ ஒரு குழாயில் வைத்திருக்க முடியாதா என்பது எங்கள் பெரிய கேள்வி. தனி டேங்க், தனி லாரி, தனிக் கணக்கு என்று சிரமங்கள் உண்டு, தெரியும். ஆனால் எத்தனால் 100 என்ற எரிபொருளை 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் தனிக் குழாயில் கொண்டுவந்தீர்கள். அதில் ஓடக்கூடிய வண்டி சாலையில் ஏறக்குறைய இல்லாத காலம் அது. இல்லாத வண்டிக்குக் குழாய் வைக்க முடிந்தது, இருக்கிற கோடிக்கணக்கான வண்டிகளுக்கு வைக்க முடியாதா? எல்லா பங்க்கிலும் வேண்டாம். ஒவ்வொரு தாலுகாவிலும் இரண்டு பங்க், பத்தாண்டுகளுக்கு மட்டும். அதற்குள் அந்த வண்டிகள் தாமாக ஓய்ந்துவிடும்.

20-க்கு மேலே போகும் பேச்சு காதில் விழுவதால் இதையும் சொல்லிவிடுகிறோம். கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க 2023 டிசம்பரில் கட்டுப்பாடு வந்தபின் பாரம் மக்காச்சோளத்தின் மேல் விழுந்தது. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய் என்று விலை வைத்ததும் ஆலைகள் அதையே நாடின. நாமக்கல் கோழிப்பண்ணையாளருக்குத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். ஒரு ஏக்கரில் 25 குவிண்டால் விளைந்தால் அதிலிருந்து சுமார் 950 லிட்டர் எத்தனால், ஆற்றலில் 630 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டர் அதில் 28,000 கிலோமீட்டர் போகும். அதே ஒரு ஏக்கரில் 200 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் யூனிட். மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 25 கிலோமீட்டர் போனால் மொத்தம் 75 லட்சம் கிலோமீட்டர். தகடு போட விளைநிலமே வேண்டாம், தரிசு போதும். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வரும் எத்தனாலை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை, அது எப்படியும் கிடைக்கிற பொருள், அதை எரிபொருளாக்குவது நியாயம். உணவும் தீவனமுமான தானியத்தை எரிபொருளாக்கி 20 சதவீதத்தை 27 ஆக்குவதற்கு முன், இரு சக்கர வாகனங்களை மின்சாரத்துக்கு மாற்ற அந்தப் பணத்தைச் செலவிடுங்கள்.

இந்த மடலைப் படிக்கும் வண்டிக்காரர்களுக்கும் நாலு வார்த்தை. முதல் மூன்று, நான்கு டேங்க் இ20 ஓடிய பிறகு பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய டேங்கில் படிந்த பிசினையும் துருவையும் எத்தனால் கரைத்து இழுத்து வரும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு கார்புரேட்டரை வற்றச் செய்யுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள், பாதி டேங்கில் ஈரக்காற்று நிறைந்து தண்ணீராகிச் சொட்டும். மழையில் நிற்கும் வண்டியென்றால் டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். அதில் மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள்.

அமைச்சகத்திடம் நாங்கள் கேட்பதில் முதலாவது, குழாயின் கைப்பிடியில் ஒட்டும் அந்த எண். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டாம், உங்கள் நிறுவனங்களுக்கு ஒரு உத்தரவு போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பேஸ்ட்டும் கேஸ்கெட்டும் அதற்கு முன் பங்க்குகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகனப் பழுது நீக்குவோரும் எரிபொருள் நுட்பம் அறிந்தோரும்